சி.ஐ.டி. அக்காவும் டோக்கன் மெஷினும்

சுகாதார மையத்தின் பதிவு ஜன்னலுக்குப் பின்னால் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் சி.ஐ.டி. அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பஞ்சு மூட்டை வந்தால்கூட அவிழ்த்து முகர்ந்து பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவாள். புருஷன் சீக்கிரம் வீடு திரும்பினால் "என்ன விஷயம்?" என்பாள், தாமதமாக வந்தாலும் அதே கேள்விதான்.

பரம ஏழைகளுக்கு மட்டும் இருந்த அரசாங்கக் காப்பீட்டு அட்டை, அந்த வருஷம் கூலி வேலை செய்கிற எல்லோருக்கும் உண்டு என்றானது. அட்டையோடு வருகிறவர்களுக்கு அரசாங்கமே மையத்துக்குப் பணம் கொடுத்தது. ஆறே மாதத்தில் ஒழுகிய கூரை சரியானது. பல் வைத்தியத்துக்கு நாற்காலி வந்தது, இரண்டாவதாக ஒரு லேடி டாக்டர் வந்தார். கடைசியாக வாசலில் ஒரு டோக்கன் மெஷின் வந்து நின்றது. அட்டை எண்ணைத் தட்டினால் சீட்டு வரும். சீட்டோடுதான் ஜன்னலுக்கு வர வேண்டும்.

அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இவ்வளவும் சும்மாவா தர்றாங்க?" என்றாள் புருஷனிடம். "நல்ல பல்லையும் புடுங்கிட்டுக் கணக்கு காட்டுவாங்க, பாருங்க."

"உனக்கு நல்லது நடந்தாலும் பொறுக்காது" என்றார் அவர், தட்டிலிருந்து தலை தூக்காமல்.

மறுநாள் முதல் வேவு ஆரம்பமானது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறவர்களை ஓரங்கட்டி, "ஆடுன பல்லா, நல்லா இருந்த பல்லா?" என்று விசாரித்தாள். புது டாக்டர் யாருக்கெல்லாம் ரத்தப் பரிசோதனை எழுதுகிறார் என்று பழைய சீட்டுகளின் பின்பக்கம் குறித்தாள். ஒருவரும் மாட்டவில்லை. மாட்டாததே அவளுக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

அப்படிக் குறித்துக்கொண்டிருந்தபோதுதான் வழக்கமாக வருகிற ஒரு சித்தாளைக் காணோம் என்பது உறைத்தது. சர்க்கரை வியாதிக்காரி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, புடவை ஓரத்தில் சிமெண்டு தூசியோடு மாத்திரைக்கு வந்து நிற்பாள். வேறு ஊரிலிருந்து பிழைக்க வந்தவள்; காகிதம் எதுவும் கையில் இல்லாததால் அட்டை கிடைக்கவில்லை. அவள் வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது.

'புது டாக்டர்தான் விரட்டிவிட்டாள்' என்று முடிவு கட்டிய அக்கா, அன்று சாயங்காலமே கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போனாள். சித்தாள் மணல் மேட்டில் உட்கார்ந்திருந்தாள். இடது காலில் துணிக்கட்டு.

"ஏம்மா வரல? அந்த டாக்டர் ஏதாவது சொன்னாங்களா?"

"எந்த டாக்டர்க்கா? நான் உள்ளயே வரலியே. மெஷின் நம்பர் கேட்டுச்சு, எனக்கேது நம்பர்? பின்னால நின்னவங்க சீக்கிரம், சீக்கிரம்னாங்க. இனிமே நமக்கு இல்லபோலன்னு திரும்பிட்டேன்."

ஆறு வாரம் உள்ளே உட்கார்ந்து பல்லையும் ரத்தத்தையும் துப்பறிந்தவள், வாசலை எட்டிப் பார்க்கவில்லை.

காலையில் சித்தாளைக் கையோடு கூட்டி வந்து மேனேஜர் முன்னால் நிறுத்தினாள்.

"அட்டை இல்லாதவங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவா சார்?"

"யாரு அக்கா சொன்னது? அவங்களையும் பார்க்கணும்னுதானே விதியே இருக்கு!"

"விதி உங்க பீரோவுல இருக்கு. மெஷினுக்கு யாரு சொன்னது?"

மேனேஜர் வாசலுக்குப் போய் எண் போடாமல் தட்டிப் பார்த்தார். சீட்டு வரவில்லை. மறுபடி தட்டினார். அவர் முகம் வெளுத்ததை அக்கா உற்றுப் பார்த்தாள். நிஜமா, நடிப்பா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

புது டாக்டர் துணிக்கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தானே போன் செய்து மல்லுக்கட்டிச் சேர்த்தார். கால் பிழைத்தது, சுண்டுவிரல் போய்விட்டது. அன்று வீட்டில் அக்கா சாப்பிடவில்லை. புருஷனும் கிண்டல் செய்யவில்லை.

நாலாம் நாள் மெஷினில் 'அட்டை இல்லை' என்று ஒரு பொத்தான் வந்தது. அதை அமுக்கியவர்களைக் கடைசியில் கூப்பிடுகிறார்களோ என்று ஒரு வாரம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தாள். வரிசைப்படிதான் கூப்பிட்டார்கள். அப்படியும் மனம் ஆறவில்லை. மேனேஜரிடம் சண்டை போட்டு மேஜையை வாசலுக்கே மாற்றிக்கொண்டாள். சீட்டு வாங்காமல் திரும்புகிற யாரையும் விடுவதில்லை.

"நில்லுங்க, எங்க போறீங்க?"

பாதிப்பேர் தண்ணீர் குடிக்க வந்தவர்கள்தான். அவர்களையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறாள்.