சித்தப்பா அப்பாவை வெட்டப் போகிறார்

எழுபதுகளின் நடுவில் கொக்குவிலில் ஒரு டியூட்டரியில் ஆங்கிலம் படிப்பித்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைக்காமல் வீட்டில் இருந்தவளை, இங்கிலீஷ் நன்றாக வரும் என்று யாரோ சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். கிடுகுக் கூரை, இடுப்பளவு சுவர், உட்கார நீள வாங்குகள். சனிக்கிழமைக் காலை வகுப்புக்கு வந்தவர்கள் எல்லோரும் வளர்ந்தவர்கள். கப்பல் வேலைக்குக் காத்திருந்த வல்வெட்டித்துறைக்காரர் இருவர், அரசாங்க எழுத்தர் வேலைக்குக் கிளறிக்கல் சோதனை எடுப்பவர்கள், நேர்ஸ் வேலைக்கு விண்ணப்பித்த பெண்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி என்னைவிட மூத்தவள். நான் அவளை அக்கா என்பேன். அவள் என்னை ரீச்சர் என்பாள்.

அன்றைய பாடம், இனி நடக்கப்போவதைச் சொல்வது. வெறும் எண்ணத்தில் சொன்னால் ‘வில்’ போடவேண்டும். கண்முன்னே அறிகுறி இருந்தால் ‘கோயிங் டு’. மேகம் கறுத்துவிட்டது, ஆகவே மழை பெய்யப் போகிறது. இப்படி விளக்கிவிட்டு ஆளுக்கொரு வாக்கியம் கேட்டேன். கொழும்பு வண்டி இன்றைக்கும் பிந்தும் என்றார் கப்பல்காரர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தது அக்காவின் முறை. எழுந்து நின்று, “மை அங்கிள் இஸ் கோயிங் டு கட் மை ஃபாதர்” என்றாள். சித்தப்பா அப்பாவை வெட்டப் போகிறார்.

சிரிப்பு கூடியது. அவள் சிரிக்கவில்லை.

“என்ன அறிகுறி?” என்று பாடத்தை விடாமல் கேட்டேன்.

அவள் தமிழுக்கு மாறினாள். “விடியவே எங்கடை எல்லை வேலியைப் பிடுங்கிப் போட்டார், ரீச்சர். கத்தியைத் தீட்டி மடியிலை வைச்சுக்கொண்டு அந்த இடத்திலையே இருக்கிறார். அப்பா இருட்டோடை தோட்டத்துக்குப் போனவர். அவருக்கு ஒண்டும் தெரியாது. இப்ப வாற நேரம்.”

“அப்ப ஏன் இஞ்சை வந்தனீங்கள்?”

“வீட்டிலை நிக்கப் பயமாக் கிடந்தது. ஆரிட்டைச் சொல்லுறதெண்டும் தெரியேல்லை.”

சோக்கைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். அவளைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு மிதித்தேன். கப்பல்காரர் இருவரும் பின்னால் வந்தார்கள்.

அவள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடுவில், வேலிக்கு நட்ட கதியால்கள் வேரோடு பிடுங்கப்பட்டுக் கிடந்தன. பச்சைத் தடிகள், அறுந்த கிடுகுகள், கிளறிய மண். அதன்மேல் சித்தப்பா இருந்தார். மடியில் கத்தி. நாங்கள் படலையைத் திறந்தபோது அவளுடைய அப்பா மற்றப் பக்கத்து ஒழுங்கையால் வந்து சேர்ந்தார். தோட்டத்துக் கிணற்றில் கல் கிளப்பக் கொண்டுபோன இரும்பு அலவாங்கு தோளில் இருந்தது.

“ஆரைக் கேட்டு வேலியைப் பிடுங்கினனீ?”

“என்ரை காணிக்குள்ளை நிண்டது. பிடுங்கினன்.”

“எழும்படா.”

“எழும்பமாட்டன். என்ன செய்வாய்?”

சித்தப்பாவின் கை கத்திக்குப் போகவேயில்லை. அதை நான் பார்த்தேன். அப்பா அலவாங்கை இரண்டு கையாலும் தூக்கி அடித்தார். முதலடி தோளில். காய்ந்த தடி முறிவதுபோல ஒரு சத்தம். இரண்டாவது முகத்தில். சித்தப்பா மல்லாக்க விழுந்தார். இடது கண் இருந்த இடத்தில் இரத்தம் மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அவர் கத்தியை எடுத்து, பார்வையில்லாமல் அங்குமிங்கும் வீசினார். அது அப்பாவின் தொடையைக் கிழித்தது. அப்பா விழவில்லை. மறுபடி அலவாங்கை ஓங்கினார்.

சித்தப்பாவின் மனைவி ஓடிவந்து அப்பாவின் புயத்தைக் கடித்தாள். அவர் அவளை உதறி எறிந்தார். நான் அலவாங்கைப் பிடித்தேன். பிடித்த கையோடு அது நிலத்தில் கிடந்த கதியாலில் இறங்கியது. என் இரண்டு விரல்கள் நசுங்கின. வலி உடனே தெரியவில்லை. கப்பல்காரர் இருவரும் அப்பாவின் கழுத்தைப் பின்னாலிருந்து மடக்கி விழுத்தினார்கள். விழுந்தும் அவர் காலால் உதைத்தபடி, “விடுங்கோ, கொல்லாமல் விடமாட்டன்” என்றார்.

அக்கா அவரிடம் போகவில்லை. சித்தப்பாவின் தலையை மடியில் எடுத்து, சேலைத் தலைப்பை முகத்தில் அழுத்திப் பிடித்தாள். “சித்தப்பா, நித்திரை கொள்ளாதையுங்கோ. என்னோடை கதையுங்கோ” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பெரியாஸ்பத்திரி வரைக்கும் வாடகைக் காரில் அப்படியே பிடித்துக்கொண்டு வந்தாள். அவர் பிழைத்தார். கண் போய்விட்டது.

வழக்கு வந்தபோது அப்பாவின் சட்டத்தரணி எங்கள் வீட்டுக்கு வந்தார். “பிள்ளை, அவள் வகுப்பிலை சொன்னதை மட்டும் சொல்லுங்கோ. போதும்” என்றார். வெட்டப்போகிறார் என்று மகளே முன்கூட்டிச் சொன்னாள் என்றால், அப்பா தன்னைக் காக்கத்தான் அடித்தார் என்று வாதிடலாம். கூண்டில் ஏறி அந்த வாக்கியத்தைச் சொன்னேன். நீதவான் ஆங்கிலத்திலேயே இன்னொருமுறை சொல்லச் சொன்னார். அது முடிய, மற்றப் பக்கத்து வக்கீல் எழுந்தார். முதல் அடித்தது யார் என்று கேட்டார். கத்தி அப்போது எங்கே இருந்தது என்றும் கேட்டார்.

அக்கா சித்தியோடு ஒரே வாங்கில் இருந்தாள். அவளைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை. கண்டதைச் சொன்னேன். அப்பா தண்டனை பெற்று மறியலுக்குப் போனார்.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் என்னை நோக்கி வந்தபோது, ஏசப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். என் கையைப் பிடித்து, வளைந்து போன விரல்களைத் தடவிப் பார்த்தாள்.

“நீங்கள் சொல்லாட்டி நான் கூண்டிலை ஏறிச் சொல்லியிருக்கோணும், ரீச்சர். பெத்த தேப்பனுக்கு எதிரா எப்பிடிச் சொல்லுறதெண்டு இரவெல்லாம் யோசிச்சுக்கொண்டிருந்தனான்” என்றாள். அதற்குப் பிறகு இருவரும் அழுதோம்.

அப்பா திரும்பி வந்த பிறகும் அந்த இடத்தில் யாரும் வேலி போடவில்லை. நேர்ஸாகிவிட்ட அக்காவின் கலியாணப் பந்தலை இரண்டு முற்றத்தையும் சேர்த்தே போட்டார்கள். அண்ணன் ஒரு முனையிலும் தம்பி மறுமுனையிலும் இருந்தார்கள். சாப்பாடு முடியும்வரை ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் இருவரும் கடைசிப் பந்தி எழும்பும் மட்டும் அங்கேயே இருந்தார்கள்.