கக்கூஸ் வழியாக வந்த வெள்ளம்

இதை எழுதுகிறவன் தையல்காரம்மாவை முதலில் பார்த்தது வெள்ளச் சேதக் கணக்கெடுக்கப் போன அன்று. இவன் வம்சத்திலேயே முதல் பட்டதாரி. கழுத்தில் அடையாள அட்டை, தலையில் அதைவிடக் கனம். படிவத்தின் ஏழாவது கேள்வி, தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பது. வாசல், ஜன்னல், கூரை என்று மூன்றே கட்டம்.

“கக்கூஸ் வழியா வந்துச்சு,” என்றார் அவர், சேற்றை வழித்துக்கொண்டே.

“அதுக்குக் கட்டம் இல்லீங்கம்மா. வாசல்னு போட்டுக்கறேன்.”

“போட்டுக்க தம்பி. தண்ணிக்குப் படிப்பு கிடையாது. உன் காயிதத்தப் பாக்காம வந்துடுச்சு.”

தெரு முழுக்க வாசல் என்றே எழுதிக்கொடுத்தான். ஆபீஸும் அதைப் படித்து, வாசலுக்கு இரண்டு மணல் மூட்டை கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டது. மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற மேனேஜர், ஒரு படி மேலே போனார். தையல்காரம்மாவின் கீழ்ப்போர்ஷன் வாசலில் தொடையளவு சுவர் எழுப்பி, அதற்கு அணை என்று பேரும் வைத்தார். தையல்காரம்மா துணி மூட்டையோடு தினமும் அதைத் தாண்டினார். அளவு கொடுக்க வந்த பாதிப்பேர் தாண்ட மாட்டாமல் திரும்பிப் போனார்கள்.

“சார், சுவரு கட்டினதுக்கு, கக்கூஸ் குழாய்ல ஒரு மூடி போட்டிருக்கலாம். உள்ள இருக்கிறது வெளிய போகும், வெளிய இருக்கிறது உள்ள வராது.”

“ஏம்மா, முப்பது வருஷம் ஆபீஸ் நடத்தினவன் நான். வெள்ளம் எங்கயாவது கக்கூஸ்லேர்ந்து வருமா?”

“வந்தப்ப நீங்க மாடியில இருந்தீங்க சார்.”

அதற்குமேல் தையல்காரம்மா கெஞ்சவில்லை. ரெக்சின் துணியில் பை தைத்து, வெட்டுத்துணியும் மணலும் திணித்து, கக்கூஸிலும் குளியலறைத் துளையிலும் அடைத்தார். மேலே பழைய தையல் மிஷினின் இரும்புத் தலையைப் பாரம் வைத்தார். காரணம் இருந்தது. போன வெள்ளத்தில் நாற்பது சட்டை நாறிப்போக, பள்ளிக்கூடம் கறாராகச் சொல்லிவிட்டது: இன்னொரு தடவை நனைந்தால் வேறு ஆள். இப்போது இருநூறு சீருடை தைத்துக் கட்டிலுக்கடியில் அடுக்கியிருந்தார். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் தெருவில் முழங்காலளவு தண்ணீர். அணை நின்றது. பையும் நின்றது. வீட்டுக்காரர் பாதிப்படி இறங்கி வந்து, “பாத்தியா?” என்றார்.

“பாத்தேன் சார். ஒரே ஒரு உபகாரம். தெரு வடியற வரைக்கும் மாடியில தண்ணி விடாதீங்க. ரெண்டு வீட்டுக்கும் ஒரே குழாய். போக வழியில்லாம எங்கிட்டதான் வரும்.”

“எங்க வீட்ல நான் குளிக்க உங்கிட்ட பர்மிஷனா?”

போய்க் குளித்தார். நிதானமாக, இரண்டு பக்கெட். கீழே பை மூச்சு வாங்கியதுபோல உப்பியது. மிஷின் தலை சரிந்து விழுந்தது, அந்த வழியே தெருத் தண்ணீரும் சேர்ந்து ஏறியது. தையல்காரம்மா அடைக்கப் போகவில்லை. மூட்டைகளைத் தூக்கினார். ஐந்து நடையில் இருநூறு சீருடையும் மாடி ஹாலில், மேனேஜர் சோபாவின்மேல் ஏறி உட்கார்ந்தன.

துண்டோடு வந்தார் வீட்டுக்காரர். “யாரைக் கேட்டு வெச்சே?”

“குளிச்சு முடிச்சாச்சுல்ல, கொஞ்சம் நகருங்க சார். இதுல பட்டனுக்குக் காஜா எடுக்காத சட்டை இன்னும் நாலு இருக்கு.”

மறுநாள் தெரு வடிந்தது, கீழ்ப்போர்ஷன் வடியவில்லை. குழாயில் சேறு அடைத்திருந்தது, வாசலில் அணை மறித்தது. தையல்காரம்மா சுத்தியலை எடுத்து அணையை உடைத்தார். மாடியிலிருந்து சத்தம் வந்தது: “அணைய உடைக்கிறியேம்மா.”

“நல்ல அணைதான் சார். நீங்க குளிச்ச தண்ணி ஒரு சொட்டு வெளிய போகல.”

திங்கட்கிழமை சீருடை போய்ச் சேர்ந்தது. அந்த மாதமே தையல்காரம்மா வீட்டைக் காலி செய்தார். படிவத்தில் இப்போது நாலாவது கட்டம் ஒன்று உண்டு. ‘மற்றவை’ என்று போட்டிருக்கிறது. கீழ்ப்போர்ஷன் பூட்டிக் கிடக்கிறது, வாசலில் புது அணையோடு. தையல்காரம்மா அடுத்த தெருவில், முதல் மாடியில் தைக்கிறார். பள்ளிக்கூட வேலை இன்னும் அவரிடம்தான்.