வரி குறைவு, பறவை நிறைவு

போன செவ்வாய்க்கிழமை சோலை வரி கட்டப் பிரதேச சபைக்குப் போயிருந்தேன். வீட்டுக்கும் வளவுக்குமாக வருசா வருசம் கட்டுகிறோமே, அதுதான். வரிசையில் எனக்கு முன்னால் பெஞ்சமின் அண்ணை. முப்பது வருசம் ஜேர்மனியில் இருந்துவிட்டு, தலைமன்னார்ப் பக்கம், கடல்நீர் தேங்கி நிற்கும் களப்போரமாக வீடு கட்டிக் குடிவந்தவர்.

பற்றுச்சீட்டைப் பார்த்தார்... திருப்பியும் பார்த்தார்.

“இவ்வளவுதானோ, பிள்ளை?”

“ஓம் ஐயா. ஏன், பிழையே?” என்றாள் கிளார்க் பிள்ளை.

வரி குறைந்துபோச்சே என்று சந்தேகப்பட்ட மனுசனை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். விடுவேனா? பேச்சுக் கொடுத்தேன்.

“அங்க சம்பளத்தில பாதி வரிக்குத்தான் போகும். இங்க யன்னலைத் திறந்தால் பூநாரைக் கூட்டம்! ஆரும் டிக்கெட் கேக்கினமோ?”

கையில் ஒரு கடிதமும் வைத்திருந்தார். களப்போரத்து மண் பாதைக்குத் தார் போட வேண்டாம், வாகனம் கூடினால் பறவைகள் வராது என்று சபைக்கு எழுதியிருந்தார். நியாயம்தானே? தலையாட்டினேன்.

எனக்குப் பின்னால் நின்ற மரியம்மா ஆட்டவில்லை. அதே பாதையில் அவருக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள். புருசனுக்குக் கடல்தொழில்.

“அண்ணை, போன மாரியில என்ர மகளுக்குப் பிள்ளைப்பேத்து நோ துவங்கிட்டுது. ஆட்டோ சேத்தில புதைஞ்சுபோச்சு. கதிரையில இருத்தி, நாலு பேராய்த் தூக்கிக்கொண்டு போனனாங்கள்.”

“ஐயோ... எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே, தங்கச்சி!”

“நீங்கள் கண்டனீங்கள். பறவையளைப் படமெடுத்துக்கொண்டு நிண்டனீங்கள். எங்களுக்குக் கையும் காட்டினனீங்கள்.”

அண்ணையின் முகம் சிவந்துவிட்டது.

“பிள்ளை... சுகமோ?” என்றார், மெல்ல.

“ஓம். இப்ப தவழுது.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு. நானும் தலையாட்டினவன்தானே? வரி குறைந்த, பறவை நிறைந்த ஊர் — பென்சன்காரருக்குச் சொர்க்கம்தான். நோவோடு இருக்கிறவளுக்கு?

அண்ணை பேனை கேட்டார். கொடுத்தேன். ‘வேண்டாம்’ என்பதையும் பறவைக் கதையையும் வெட்டி, ‘வேண்டும்’ என்று எழுதினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, அடியில் இன்னொன்றும் சேர்த்து, உரக்க வாசித்தும் காட்டினார்:

“இதற்காகச் சோலை வரியைக் கூட்டினாலும் எமக்குச் சம்மதம்.”

வரிசையே கத்தியது: “அண்ணை, அந்தக் கடைசி வரியை வெட்டுங்கோ!”

என்ர சத்தம்தான் கொஞ்சம் கூட.