வெட்டிய கிளை

தம்பி வீட்டைவிட்டுக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. எங்கோ தூரத்துச் சுரங்கத்தில் வேலை. அம்மாவை இந்த உடம்போடு விட்டுவிட்டுப் போகிறானே என்ற ஆத்திரத்தில் அக்கா வாசலை மறித்து நின்று, "போறவன் ஒரேயடியா போ, இந்தப் பக்கம் திரும்பிப் பாக்காத," என்றாள். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.

கோபம் தணியாமலே அவள் வேலைக்குப் போனாள். இணைய இணைப்பு தரும் நிறுவனம் அது. தரவை வழி திருப்பிவிடும் ரவுட்டர்களில் லட்சக்கணக்கான முகவரிகள் இருக்கும். அவற்றைக் கிளை கிளையாகப் பிரியும் மரமாக அடுக்குவது அவள் பொறுப்பு. ஒரு முகவரி வந்ததும் கிளைகளில் இறங்கி, அதற்கு மிக நெருக்கமாகப் பொருந்தும் பதிவைக் கண் இமைப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். அலுவலகத்தில் அவளுக்கு 'மரத்தக்கா' என்றே பெயர்.

மரம் பெருத்து நினைவகம் பிதுங்கிக்கொண்டிருந்தது. முகவரிகளில் ஒரு பெரிய வட்டாரமும் அதற்குள் அடங்கிய சின்னத் துண்டும் ஒரே வாசல் வழியாகப் போகும்போது சின்னதற்குத் தனிப் பதிவு எதற்கு? அன்று மதியமே அப்படிப்பட்ட கிளைகளையெல்லாம் வெட்டினாள். மரம் பாதியானது.

"வெட்டினதை எங்கயாச்சும் எடுத்து வச்சீங்களாக்கா?" என்றான் பக்கத்து மேசைக்காரன்.

"குப்பையையும் பீரோல பூட்டி வைக்கணுமாடா?"

சுரங்கத்தில் கைபேசிக்கு அனுமதியில்லை. ஆட்கள் அங்குள்ள கணினியில் எழுதுவார்கள். வீட்டார் சுரங்கத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து படித்துப் பதில் போடலாம். அவன் போய்ச் சேர்ந்த முதல் நாலு நாள் ஒன்றும் எழுதவில்லை. ஐந்தாம் நாள் முதல் அந்தப் பக்கம் திறக்கவே இல்லை.

"ஏதாச்சும் எழுதியிருக்கானாடி?"

"அங்க லைன் இல்லபோலம்மா."

அம்மா நாளுக்கு நாலு தடவை கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்தினாள், மாத்திரையையும் நிறுத்தினாள்.

பதினாறாம் நாள் மருந்துக்கடை வரிசையில் ஒரு பெண் அக்காவைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் கணவனுக்கும் அதே சுரங்கம். "எங்க வீட்டுக்காரர் தினமும் எழுதுறாரே! உங்க தம்பி பக்கத்துக் கட்டிலாம். வீட்ல யாரும் ஒரு வரி போடலன்னு சோறு தண்ணி இல்லாம கிடக்கானாம். என்ன மனுஷங்கம்மா நீங்க?"

அக்கா வீட்டில் அவள் வேலை பார்க்கும் நிறுவனத்து இணைப்பு; அந்தப் பெண்ணின் கைபேசியில் வேறு நிறுவனத்து இணைப்பு. அதில் பக்கம் உடனே திறந்தது.

அக்கா அலுவலகத்துக்கு ஓடினாள். சுரங்கத்தின் முகவரியை ரவுட்டர் ரவுட்டராகத் தொடர்ந்து போனாள். அவர்களுடைய ரவுட்டரிலேயே அது தவறான பக்கம் திரும்பியது. ஐந்தாம் நாள், சுரங்கத்தின் முகவரி அடங்கிய பெரிய வட்டாரம் புது வாசலுக்கு மாறியிருந்தது. சுரங்கம் மட்டும் பழைய வாசலிலேயே இருந்தது. அதைச் சொல்லியிருக்க வேண்டிய பதிவை அவள்தான் வெட்டியிருந்தாள்.

அதைத் திரும்பச் சேர்த்தாள். பக்கம் திறந்தது. பதினோரு கடிதங்கள். முதல் கடிதம் ஒரு பக்க நீளம். கடைசிக் கடிதத்தில், 'அம்மா எப்படி இருக்கு? அதை மட்டுமாவது சொல்லு.'

படபடவென்று பதில் எழுதினாள். சுரங்க மேற்பார்வையாளரிடமிருந்து மறுநாள் காலை பதில் வந்தது: 'அவர் நேற்றே வேலையை விட்டுவிட்டார். எங்கே போனார் என்று தெரியாது.'

தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரையும் கேட்டாயிற்று. அம்மாவிடம் மட்டும், தவறு யாருடையது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஏழு மாதம் கழித்து, அறியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது:

'உயிரோட இருக்கேன்னு அம்மாகிட்ட சொல்லிடு. பதினோரு தடவ எழுதிப் பாத்தேன், போதும்க்கா. இது வழில ஒருத்தர்கிட்ட வாங்கின போன். நீ பதில் போட்டா அவருக்குத்தான் போகும்.'