மேஜர் மறைத்த நான்காவது பதக்கம்

அந்தப் புகைப்படம் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஓரமெல்லாம் பழுப்பேறி, ஒரு மூலை மடங்கி, பின்பக்கம் பசை காய்ந்த தடத்தோடு மேஜரின் மேசைமேல் கிடந்தது. ஜெர்மன் சக்கரவர்த்தி கைசரின் காலத்து ராணுவ அதிகாரி உடையில் ஒரு நடுவயதுக்காரர். இடப்பக்க மார்பில் ஒரு பட்டையிலிருந்து வரிசையாகத் தொங்கும் பதக்கங்கள். முகத்தில் பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை, வயிறார மதியச் சாப்பாடு முடித்துவிட்டு வந்து நின்றவரின் களைதான். மேஜர் அந்த முகத்தை ஒரு தடவைகூடச் சரியாகப் பார்த்ததில்லை என்று நான் சத்தியம் செய்வேன். "மூஞ்சிய எதுக்கும்மா பாக்கணும்? மார்பப் பாரு, அது பேசும்" என்பார். சொல்லிவிட்டு, மார்பு வாய் திறப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிடுவார்.

மேஜர் என்றதும் போர்க்களம் கண்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். மைசூரில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்தியவர். அங்கே மாணவர்களுக்கு அணிவகுப்புப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பும் இருந்ததால் கிடைத்த பட்டம் அது. ஓய்வு பெற்றதும் கல்லூரியை விட்டார், பட்டத்தை விடவில்லை. அக்ரஹாரத்தில் அவர் வீட்டு மாடியில் மூன்று பீரோ நிறைய ஜெர்மன் பதக்கங்களும் ஆல்பங்களும் இருந்தன. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் அவருக்குப் படம் அனுப்புவார்கள், இது எங்கள் கொள்ளுத்தாத்தா, எந்தப் படையில் இருந்தார், என்ன பதவி என்று கேட்டு. நான் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், அவருக்கு வரும் கடிதங்களைக் கவனிக்கவும் படங்களை ஸ்கேன் செய்யவும் சேர்ந்தேன். நான்கு வருடம் தினமும் ஸ்கூட்டரில் போய் வந்தேன்.

அந்த வேலையில் மந்திரம் ஒன்றும் கிடையாது, பொறுமைதான் வேண்டும். தோள்பட்டையில் படைப்பிரிவின் எண் இருக்கும். பதக்கங்கள் நிற்கும் வரிசையைப் பார்த்தால், அந்த நாட்டின் பல ராஜ்யங்களில் ஆள் எதைச் சேர்ந்தவர் என்பது ஓரளவு பிடிபடும். அதற்கப்புறம் பழைய அதிகாரிகள் பட்டியலைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அவர் வாங்கிய பதக்கங்கள் சின்னச் சின்னக் குறிகளாகப் போட்டிருக்கும். அந்தக் கோணல்மாணலான ஜெர்மன் அச்செழுத்தை நானே உட்கார்ந்து படித்துப் பழகினேன். மேஜருக்கு அது கடைசிவரை ஓடவில்லை. நான் சலித்தெடுத்துப் பத்துப் பேரைக் கொடுத்தால், அதில் எது பிரபு வம்சத்துப் பெயரோ அதன்மேல் விரலை வைப்பார், கதை முடிந்தது. அக்கடா என்று மாட்டு வைத்தியம் பார்த்தவர்கள், சம்பளம் பட்டுவாடா செய்தவர்கள் எத்தனை பேரை அவர் பிரபுக்களாக்கி ஊருக்கு அனுப்பிவைத்தாரோ தெரியாது. "சார், இன்னும் ஒம்பது பேர் இருக்காங்களே" என்றால், "அவங்க வீட்ல சந்தோஷப்படுவாங்க, உனக்கென்ன கஷ்டம்? ஆய்த்தும்மா, விடு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஆனாலும் சொன்னபடி தட்டச்சு செய்து அனுப்பிவிடுவேன்.

ஒரு ஜெர்மன் அம்மா எழுதினார். எழுபதைத் தாண்டியவர், பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அவருடைய தாத்தா பீரங்கிப் படையில் கேப்டன், முதல் உலகப் போரின் மூன்றாம் வருடத்தில் இறந்துபோனார். அப்போது இந்த அம்மாவின் தாய்க்கு இரண்டு வயது. இருந்த ஒன்றிரண்டு படங்களும் அடுத்த போரில் வீட்டோடு எரிந்துபோயின. தகப்பன் முகம் தெரியாமலே வாழ்ந்து அந்தத் தாய் செத்துப்போனார். அவர் கல்லறையில், அவர் பெயருக்குப் பக்கத்தில், தகப்பன் படத்தைப் பீங்கானில் சுட்டுப் பதிக்க வேண்டும் என்பது மகள்கள் இருவரின் ஆசை. எங்கள் குடும்பக் கல்லறைகளிலும் படம் பதிப்போம் என்பதால் அந்தக் கடிதம் எனக்குள் நேராக இறங்கியது. தாத்தாவின் பெயரும் அதற்கு எதிரே மூன்று பதக்கங்களின் குறிகளும் அச்சான அதிகாரிகள் பட்டியலின் ஒரு பக்கத்தை உடன் அனுப்பியிருந்தார்.

மேஜர் அரை மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பெங்களூரில் எங்கோ பழைய சாமான் கடையில் வாங்கிய ஆல்பத்திலிருந்து அந்தப் படத்தை உருவினார். அதே படைப்பிரிவு எண், அதே மூன்று பதக்கங்கள். அந்த மூன்றும் அந்தப் படையில் ஐந்தாறு பேருக்காவது இருந்திருக்கும் என்று நான் வாயெடுப்பதற்குள், நூற்றுக்கு நூறு இவர்தான் என்று பதில் எழுதச் சொன்னார். அடுத்த வாரமே, கடல் கடந்த குடும்பத்தை மைசூர்க்காரர் சேர்த்துவைத்தார் என்று உள்ளூர் பத்திரிகையில் வந்துவிட்டது. அந்த அம்மா, தசராவுக்கு நேரில் வந்து படத்தைக் கையில் வாங்கிக்கொள்கிறேன் என்று டிக்கெட் போட்டுவிட்டார்.

அவருக்குப் பிரதி எடுக்கப் படத்தைப் பெரிதாக்கியபோதுதான் நான் பார்த்தேன். பதக்கப் பட்டையின் கடைசியில், கையின் நிழல் விழுந்த இடத்தில், நான்காவதாக ஒரு சிலுவை. நடுவில் இலை வளையம், குறுக்கே இரண்டு வாள். அது போரில் நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்த நினைவுச் சிலுவை. ஆனால் கொடுக்க ஆரம்பித்ததே போர் முடிந்து பதினைந்து வருடத்துக்கும் மேல் ஆன பிறகு. போர் நடக்கும்போதே செத்த மனிதர் அதை எப்படி மாட்டிக்கொண்டு நிற்பார்?

மேஜரிடம் ஓடினேன். அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "ஏம்மா, உடுப்பு கைசர் காலத்து உடுப்பு. கைசர் போனப்பறம் அத எவன் போடுவான்? சும்னே தலையக் கெடுத்துக்காத."

"நம்ம தசராவுலயே போடறாங்களே சார். மகாராஜா காலத்து சிப்பாய் டிரஸ்ல வரிசையா போறாங்களே, இப்ப எந்த மகாராஜா ஆளறாரு? ஜெர்மனியிலயும் பழைய படைக்காரங்க ஒண்ணு சேர்ற நாள்ல போட்டிருப்பாங்க."

"அது வேஷம்மா. இது ஜெர்மனி."

வருடா வருடம் பாஸ் வாங்கி, ஜம்பு சவாரி யானை ஊர்வலத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிற மனிதர் சொன்ன பதில் இது. மூன்று நாள் கழித்துப் படம் சட்டம் போட்டு வந்தது. உள்ளே வைக்கும் அட்டையை முட்டை வடிவத்தில் நெருக்கி வெட்டச் சொல்லியிருக்கிறார். மூன்று பதக்கங்கள் கண்ணாடிக்குள் பளிச்சென்று தெரிந்தன, நான்காவது அட்டைக்கு அடியில் போய்விட்டது. அதுவரை அவரை அவசரக்காரர், பீற்றல் பேர்வழி என்றுதான் எண்ணியிருந்தேன். தெரிந்தே செய்திருக்கிறார், வெட்கங்கெட்ட மனிதர். அன்றைக்கு அவர்மேல் வந்த அருவருப்பு இன்றைக்கும் ஒரு துளி குறையவில்லை. அவர் இப்போதும் அதே மாடியில் உட்கார்ந்துகொண்டு நிருபர்களுக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்த அம்மா ஒரு சாயங்காலம் வந்தார். மெலிந்த உடம்பு, காட்டன் சட்டை, வெயிலில் சிவந்த கழுத்து. படத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடிமேல் விரலை ஓட்டினார். "அம்மாவுக்கு இதே நெற்றி" என்று ஆங்கிலத்தில் சொல்லி அழுதார். மேஜர் எழுந்து நின்று, அந்தத் தாத்தாவின் வீரத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் மாதிரி விவரித்தார். நடுவில் என் பக்கம் திரும்பி, "அவங்களுக்குக் காபி கொண்டாம்மா" என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. பயம் என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் பயம் பாதிதான். இவர் வண்டவாளம் என்றைக்காவது ஒரு பெரிய ஆராய்ச்சியாளர் கையில் தண்டவாளம் ஏறட்டும், நாலு பேர் முன்னால் மூக்கு உடையட்டும், அதைத் தள்ளி நின்று பார்க்கலாம் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை எனக்கு இருந்தது. அந்த அம்மாவின் அழுகை அதில் சேர்த்தி இல்லை என்பதுபோல நின்றிருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலை முழுப் படத்தையும் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு அவர் தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். அறைக்குள் உட்காரவைத்தார். நான்காவது சிலுவையைக் காட்டி, அது எப்போது வந்தது என்பதைச் சொல்லி, ஆகையால் இது உங்கள் தாத்தாவாக இருக்கவே முடியாது என்றேன். அவர் பூதக்கண்ணாடி கேட்டார், கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"நேற்றே அக்காவுக்குப் போனில் காட்டிவிட்டேன்" என்றார். "படுக்கையில் இருக்கிறாள். இனி எழுந்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா பார்க்காமல் போனதை நானாவது பார்த்தேன் என்று போனுக்கு முத்தம் கொடுத்தாள். கல்லறை வேலையை நிறுத்திவிடலாம். அவளிடம் நான் என்ன சொல்வது?"

அவர் பூதக்கண்ணாடியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இது உனக்கு எப்போது தெரியும்?"

"பத்து நாளாக."

"அப்படியானால் நேற்று நீ எனக்குக் காபி கொண்டுவந்தபோதும் தெரியும்."

வழியெல்லாம் மேஜரைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ சேர்த்துவைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் மேஜரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டம் போட்டு வந்த படத்தைக் கண்ட அன்றைக்கு நான் மேஜரை எப்படிப் பார்த்தேனோ அப்படியே என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் கதவைத் திறந்து, நான் வெளியே போகும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.