சிமென்ட் ஆலை வரிசையில் என்னைச் சுடாமல் நின்றவனுக்கு

நீ செய்தது நியாயமே இல்லை. நான் யாரென்று தெரிந்தே என்னோடு சண்டை போட்டிருக்கிறாய். நீ யாரென்று மட்டும் எனக்குக் காட்டாமல் போய்விட்டாய்.

மற்றவர்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன். போன வருடம் கோடையில், அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலை வாசலில் நடந்தது இது. எனக்கு ஊர் வாலிகண்டபுரம். லாரி ஓட்டுகிறேன். சிமென்ட் ஏற்ற வந்தால் ஆலைக்கு வெளியே ரோட்டோரமாக வரிசையில் நிற்க வேண்டும். காலையில் வந்தால் சாயங்காலம் உள்ளே போகலாம். சில நாள் அதுவும் நடக்காது. முன்பெல்லாம் வண்டிக்கு ஒரு கிளீனர் இருப்பான், பேச்சுத் துணைக்காவது ஆகும். இப்போது எங்கள் முதலாளி கிளீனர் வைப்பதில்லை. பக்கத்து சீட்டில் என் தண்ணீர் கேன்தான் உட்கார்ந்திருக்கும். தூசிக்குப் பயந்து எல்லாரும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருப்போம். மனைவி திருமானூரில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். ஏன் என்பது இங்கே தேவையில்லை.

போனில் நான் ஆடுவது துப்பாக்கிச் சண்டை. இரண்டு பேர், ஆளுக்கொரு துப்பாக்கி, ஒருத்தன் விழும்வரை ஆட்டம். அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆலை கேட்டில் என்னை வண்டி நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அந்த விளையாட்டில் மட்டும்தான் ஒரு மனிதன் வேறு நினைப்பே இல்லாமல் என்னையே கவனித்துக்கொண்டிருப்பான். நான் எந்தச் சுவருக்குப் பின்னால் ஒளிவேன், எப்போது எட்டிப் பார்ப்பேன் என்று யோசித்துக்கொண்டிருப்பான். கொல்வதற்காகத்தான் கவனிக்கிறான். இருக்கட்டுமே.

எரிச்சலுக்கும் குறைவில்லை. குறி வைக்கும் நேரம் பார்த்து சிக்னல் போகும். காசு கட்டி நல்ல துப்பாக்கி வாங்கியவன் கொசு அடிப்பதுபோல அடிப்பான். விழுந்து கிடக்கிறவன் முன்னால் வந்து நின்று குதித்துக் காட்டுவான். போனை ஜன்னல் வழியாக வீசிவிடலாம்போல இருக்கும். வீசமாட்டேன், அதற்குள் அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருப்பேன்.

பக்கத்தில் இருப்பவர்களை ஆட்டத்துக்குக் கூப்பிடும் வசதி அதில் உண்டு. அப்படி வந்தவன்தான் அவன். பெயர்கூட வைக்கவில்லை, வெறும் எண்கள். ஆலை வாசலில் நிற்கும் நாட்களில்தான் கிடைப்பான். இந்தப் பக்கம் காலேஜில் படிக்கிற எவனோ என்று நானாக முடிவு செய்துகொண்டேன். ஒரு ஆட்டம்கூட அவனை என்னால் ஜெயிக்க முடியவில்லை. மைக்கை எப்போதும் திறந்துவைத்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டுவேன்.

“டேய் காலேஜு, அப்பன் காசுல துப்பாக்கி வாங்கியாந்து எங்கிட்ட காட்டுறியா? நேர்ல வாடா பாப்போம்.”

அவன் பதிலே சொல்ல மாட்டான். அவன் மைக் அடைத்தே இருக்கும்.

ஆனால் அவனிடம் ஒரு குணம் இருந்தது. ஆட்டத்தின் நடுவே வரிசை நகர்ந்தால் நான் போனை வைத்துவிட்டு வண்டியை நகர்த்தியாக வேண்டும். முன்னால் விழும் இடைவெளியை உடனே அடைக்காவிட்டால் பின்னால் நிற்பவன் ஏறி வந்துவிடுவான். எங்கள் வரிசையில் அதுதான் சட்டம். முறையை விட்டவன் வாலுக்குப் போக வேண்டும். வண்டியை நகர்த்திவிட்டுப் போனை எடுக்கும்போது நான் செத்திருக்க வேண்டும். மற்றவர்கள் என்றால் அப்படித்தான். இவன் மட்டும் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு நின்றிருப்பான். நான் அசைந்த பிறகுதான் சுடுவான். அப்புறம் ஜெயிப்பான்.

அன்றைக்கு அவனை ஒரு மூலையில் மடக்கிவிட்டேன். அவனுக்கு உயிர் கொஞ்சம்தான் பாக்கி. ஒரு குண்டு பட்டால் போதும். வெளியே ஹாரன் கேட்டது. கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். முந்தின வாரம்தான் தூங்கிப்போய் முறையை விட்டிருந்தேன். இன்னொரு தடவை இப்படி நடந்தால் சாவியை வைத்துவிட்டுப் போய்விடு என்று முதலாளி சொல்லியிருந்தார். அதுவும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

அவன் திடீரென்று சுவரை விட்டு வெளியே வந்து வெட்டவெளியில் நின்றான். ஏதோ தந்திரம் என்று நினைத்தேன். அப்போதுதான் முதல்முறையாக அவன் மைக் திறந்தது.

“அண்ணே, வண்டிய எடுங்க. முன்னாடி லைன் போயிருச்சு. பின்னாடி உள்ளவன் ஏறிட்டு வர்றான்.”

அது காலேஜ் பையன் குரல் இல்லை. முற்றின தொண்டை, கொஞ்சம் கரகரப்பு. அவன் குரலுக்குப் பின்னால் ஒரு ஹாரன் கேட்டது. அதே ஹாரன் என் வண்டிக்குப் பின்னாலும் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். முன்னால் நாலைந்து வண்டி நிற்கும் அளவுக்கு இடம் காலி. பின்வண்டியின் மூக்கு என் கதவுப் பக்கம் வந்துவிட்டது. கியரைப் போட்டு எப்படியோ அடைத்தேன். போனை எடுத்தால் அவன் ஆட்டத்தை விட்டுப் போயிருந்தான். நான் ஜெயித்துவிட்டதாகத் திரையில் போட்டிருந்தது.

வரிசை மறுபடி நின்றதும் இறங்கி ஓடினேன். முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு வண்டியாகக் கதவைத் தட்டி, போனில் என்னோடு ஆடியது நீங்களா என்று கேட்டேன். சிலர் கண்ணாடியை இறக்கினார்கள், சிலர் கையை ஆட்டிப் போகச் சொன்னார்கள். டீக்கடையில் நின்ற பெரிய மீசைக்காரர் ஒருவர் சிரித்தார்.

“ஏம் மாப்ள, பொண்டாட்டியத் தேடிக்கூட நீ இப்படி அலஞ்சிருக்க மாட்ட போலருக்கே.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் அடுத்த வண்டிக்குப் போனேன். வருடக்கணக்காக ஒரே வரிசையில் நிற்கிறோம். அந்த முகங்களை அன்றைக்குத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒருத்தரும் நான்தான் என்று சொல்லவில்லை. அதன்பிறகு அந்த எண்கள் என் போனில் வரவே இல்லை.

இப்போது உன்னிடம் பேசுகிறேன். நான் திறந்துவைத்த மைக்கில் அத்தனை நாளும் வரிசையின் சத்தம் உனக்குக் கேட்டிருக்கிறது. நேரில் வாடா என்று நான் கத்தியபோதெல்லாம் சில வண்டி தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். ஒரு தடவை இறங்கி வந்திருந்தால் என்ன? உன்னை அடித்திருப்பேன் என்றா நினைத்தாய்? உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்திருப்பேன். நீ விட்டுக்கொடுத்த ஜெயம் எனக்கு வேண்டாம். என் வேலை போகாமல் காப்பாற்றிவிட்டு முகத்தை மறைத்துக்கொள்ள உனக்கு யார் உரிமை கொடுத்தது?

இந்தப் பத்திரிகையை அந்த டீக்கடையில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இப்போதெல்லாம் அந்த வரிசைக்குள் வண்டியை விட்டதும் தண்ணீர் கேனைக் கீழே இறக்கிவிடுகிறேன், பக்கத்து சீட்டு காலியாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு எந்த வண்டியில் இருந்தாய், ஏன் வந்து கதவைத் தட்டவில்லை? எனக்குத் தனியாகச் சொல்லாதே, இதே பக்கத்தில் எல்லாரும் படிக்கும்படி எழுது.