திட்டினால் இறங்கும் பால்

லைன்மேன் முப்பத்தொரு வருஷம் மின்கம்பம் ஏறியவர். ஒரு தடவை விழுந்து இரண்டு கையையும் உடைத்துக்கொண்டதோடு சரி, ஷாக் மட்டும் அடித்ததே இல்லை. ஓய்வுபெற்று, மலைச்சரிவில் மூன்று ஏக்கர் வாங்கி மாடு வளர்க்கத் தொடங்கியபிறகு அந்தக் குறையும் தீர்ந்தது.

பார்த்தவர்களெல்லாம் நன்றாகக் கறக்கிற மாட்டை வாங்கச் சொன்னார்கள். அதனாலேயே அவர் மலைக்குட்டை என்ற இனத்து மாட்டை வாங்கினார். இடுப்புயரம், உடம்பெல்லாம் சடைமயிர். பாறைமேல் ஆடு மாதிரி ஏறும், முள்ளைத் தின்றும் பிழைக்கும். பதிவேட்டில் மிச்சமிருப்பவை பதினேழு. இவ்வளவு நல்ல இனம் ஏன் அருகிப்போனது என்று கேட்பவர்களை லைன்மேன் ஒருமுறை கறக்க உட்காரச் சொல்வார். மறுமுறை கேட்கமாட்டார்கள்.

அவருடைய மாடு பாலை அடக்கி வைத்துக்கொள்ளும். தவிடு, தடவல், பாட்டு எதற்கும் மசியாது. அது மடி விடுவது ஒன்றே ஒன்றுக்குத்தான்: அவருடைய மனைவி அவரைத் திட்டவேண்டும். மனைவி பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். அறுபது பிள்ளைகளை மைக் இல்லாமல் அடக்கிய குரல். "சேத்துக் காலோட அடுப்படிக்கு வந்தீங்களா இல்லையா?" என்று ஆரம்பித்தாலே போதும், மாட்டுக்குக் கண் சொக்கும், பால் சர்ரென்று இறங்கும். காலையில் ஒரு திட்டு, மாலையில் ஒரு திட்டு. இது டீச்சருக்கும் தெரியும் என்பதுதான் லைன்மேனின் கஷ்டம்.

ஒருநாள் மாட்டின் பதிவு அட்டை தபாலில் வந்தது. டீச்சர்தான் பிரித்துப் படித்தார். 'பசுவின் பெயர்' என்ற இடத்தில் டீச்சருடைய அம்மாவின் பெயர் இருந்தது, இனிஷியலோடு. அதற்குக் கீழே: 'குணம்: முரடு. உதைக்கும்.'

டீச்சர் பேச்சை நிறுத்திவிட்டார். எட்டு நாள். வீட்டில் ஆசிரமம் மாதிரி அமைதி. செம்பில் அரை டம்ளர் பால்.

ஒன்பதாம் நாள் கால்நடை அலுவலகத்துப் பரிசோதகர் அளவு ஜாடியோடு வந்துவிட்டார். அவர் கண்ணெதிரே இரண்டு லிட்டர் கறந்தால்தான், அந்த இனத்தில் மிச்சமிருக்கும் ஒரே காளை இந்தத் தொழுவத்துக்கு வரும். இல்லாவிட்டால் வேறு மலைக்குப் போய்விடும். லைன்மேனின் மலைக்குட்டை வம்சம் ஒரு மாடும் ஒரு கன்றுமாக நின்றுபோகும்.

லைன்மேன் போனை மாட்டின் காதருகே வைத்தார். டீச்சர் எப்போதோ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் அலறியது: "சிலிண்டர் புக் பண்ணச் சொன்னேனே, காதுல என்ன பஞ்சா?" மாடு போனை முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"என்ன சார் இது?" என்றார் பரிசோதகர்.

"பாட்டு சார்."

"பாட்டு மாதிரி தெரியலையே."

"குடும்பப் பாட்டு."

அடுப்படி ஜன்னலில் டீச்சர் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றிருந்தார். லைன்மேன் துணிந்துவிட்டார்.

"மாட்டத் தப்பா நினைக்காதீங்க சார். பேருக்குச் சொந்தக்காரங்களும் இப்படித்தான். லேசுல எதையும் விடமாட்டாங்க" என்றார், ஜன்னல்வரை கேட்கும்படி.

கதவு படாரென்று திறந்தது. "யாருங்க விடமாட்டாங்க? கம்பத்துலேர்ந்து விழுந்து ரெண்டு கையும் கட்டோட கெடந்தப்ப, மூணு மாசம் ஊட்டிவிட்டது யாரு? எங்கம்மா! அந்தக் கையால அவங்க பேர மாட்டுக்கு எழுதுறீங்களா?"

பால் வாளியில் கொட்டியது. ஆனால் லைன்மேன் கறந்தபடியே தலை குனிந்தார். டீச்சர் சொன்னது அத்தனையும் உண்மை. "தப்புதான் டீச்சர். மன்னிச்சுக்க" என்றார், மனதாரவே.

"சரி, விடுங்க" என்றார் டீச்சர், குரல் இறங்கி.

பாலும் நின்றது.

பரிசோதகர் ஜாடியில் ஊற்றிப் பார்த்தார். "இன்னும் இருநூறு மில்லி வேணும் சார்."

டீச்சர் இரக்கப்பட்டு, "சோம்பேறி மனுஷா!" என்று ஒன்று போட்டுப் பார்த்தார். பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. மாடு அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

லைன்மேன் மனைவியைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார். சமாதானம் வந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"டீச்சர், கன்னுக்குட்டிக்கும் பேர் எழுதி அனுப்பிட்டேன்."

"என்ன பேரு?"

அவர் வாயைத் திறப்பதற்குள் பரிசோதகர் தன் கோப்பைப் புரட்டி உரக்க வாசித்தார். டீச்சரின் பெயர், முழுசாக. "குணம்: ஓயாமல் கத்தும்."

அன்றைய அளவு இரண்டு லிட்டர் எழுநூறு.

அடுத்த மாதம் காளை லாரியில் வந்து இறங்கியது. அதற்குப் பெயர் வைக்கும் உரிமையை டீச்சர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது அவர் வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தொழுவத்தில் இரண்டு தலைகள் நிமிர்கின்றன. முதலில் வந்து நிற்பது காளைதான்.